0.197 அடித்தவருக்கு ஏன் இவ்வளவு ரேட்டிங்? பேஸ்பால் புள்ளிவிவரம் வீடியோ கேம் எண்ணாக மாறும் கணக்கு

பேஸ்பால் வீடியோ கேம்களில் வீரர்களின் ரேட்டிங் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரே சண்டைதான். சராசரி குறைந்தவருக்கு மதிப்பு ஏறியிருக்கும், சராசரி கூடியவருக்கு இறங்கியிருக்கும். கேம் செய்தவர்களுக்கு ஆட்டமே தெரியாது என்று ஒரு கூட்டம் தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விடும்.

அமெரிக்க மேஜர் லீக்கின் 2023 சீசனிலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும். மயாமி மார்லின்ஸின் லூயிஸ் அராயஸ் 0.354 சராசரியோடு மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்றார் (மற்றது அமெரிக்கன் லீக்). பிலடெல்ஃபியா ஃபிலீஸின் கைல் ஷ்வார்பர் அடித்த சராசரி 0.197. பழைய கணக்குப்படி ஷ்வார்பரை பெஞ்சில்தான் உட்காரவைக்க வேண்டும். ஃபிலீஸோ அவரைப் பெரும்பாலும் முதல் பேட்டராக இறக்கியது. அணி கண்டதும் கேம் கண்டதும் ஒன்றே. அது என்ன என்பதற்குக் கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

## முதலில் மூன்று சொற்கள்

1. முறை. ஒரு பேட்டர் பிளேட்டுக்கு வந்து ஏதாவது ஒரு முடிவோடு விலகுவது ஒரு முறை. முடிவு ஹிட்டாக (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது) இருக்கலாம், ஹோம் ரன்னாக (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) இருக்கலாம், ஸ்ட்ரைக் அவுட்டாக (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) இருக்கலாம், வாக் ஆகவும் இருக்கலாம். பந்து வீசுபவரான பிட்சர் நான்கு பந்துகளை அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே வீசிவிட, பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போவதுதான் வாக்.

2. பேட்டிங் சராசரி. ஹிட்டுகளின் எண்ணிக்கையை, வாக் போன்றவற்றைக் கழித்துவிட்ட முறைகளால் வகுத்தால் கிடைப்பது. கிரிக்கெட் சராசரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் ரன் கணக்கே கிடையாது.

3. ரேட்டிங். கேமுக்குள் இருக்கும் கணக்கு இயந்திரத்துக்கு ஒரு வீரரைப் பற்றித் தரப்படும் உள்ளீட்டு எண்.

மூன்றாவதில்தான் பெரும்பாலான சண்டை பிறக்கிறது. போன சீசனுக்கான பரிசாக ரேட்டிங்கைப் பார்க்கிறவர்களுக்கு அது அநியாயமாகத் தெரியும். கேம் செய்கிறவர் பார்ப்பது வேறு: இந்த எண்ணை உள்ளே போட்டால் ஒரு சீசன் முடிவில் இந்த வீரர் நிஜத்தில் ஆடியதைப் போல ஆடுவாரா? எண்ணை அவர் பின்னாலிருந்து முன்னால் தேடிக்கொண்டு வருகிறார்.

## சராசரியை உடைத்தால் என்ன தெரியும்

ஷ்வார்பர் 2023-இல் 720 முறை வந்தார். 47 ஹோம் ரன், 126 வாக், 215 ஸ்ட்ரைக் அவுட். அராயஸ் 617 முறை. 10 ஹோம் ரன், 35 வாக், 34 ஸ்ட்ரைக் அவுட்.

முறைகளால் வகுத்துப் பாருங்கள். ஷ்வார்பர் 6.5 சதவீத முறைகளில் ஹோம் ரன் அடித்தார். லீக்கின் பொதுச் சராசரி 3.2 சதவீதம். அவருடைய வாக் 17.5 சதவீதம், லீக்கில் 8.6. ஸ்ட்ரைக் அவுட் கிட்டத்தட்ட 30 சதவீதம், லீக்கில் 22.7. அராயஸோ வெறும் 5.5 சதவீத முறைகளில்தான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். லீக் சராசரியில் கால்வாசிகூட இல்லை.

ஆக, 0.197 என்ற ஒற்றை எண்ணுக்குள் நான்கைந்து தனித்தனித் திறமைகள் கலந்து கிடக்கின்றன. கேம் அவற்றைப் பிரித்து வாங்குகிறது. எம்எல்பி த ஷோ கேமில் காண்டாக்ட் (பந்தை மட்டையில் வாங்குவது), பவர் (அடியின் பலம்), விஷன் (பந்தைக் கண்டுபிடிப்பது), டிசிப்ளின் (மோசமான பந்தை விட்டுவிடும் பொறுமை) என்று பேட்டருக்குத் தனித்தனி எண்கள் உண்டு. காண்டாக்ட்டும் பவரும் வலக்கை பிட்சருக்கு ஒன்று, இடக்கை பிட்சருக்கு ஒன்று என இரண்டிரண்டாக இருக்கும். ஷ்வார்பரின் காண்டாக்ட் தரையில் கிடக்கும், பவரும் டிசிப்ளினும் கூரையைத் தொடும். மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படுவதில்லை.

## 1961-இன் பகடைக் கணக்கு

கணினிக்கு முன்பே இந்தக் கணக்குக்கு விடை தேடியவர்கள் உண்டு. ஹால் ரிச்மன் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற மேசை விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும்; 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை, அட்டையில் எந்த வரி என்பதைச் சொல்லும்.

அழகே இந்த முதல் பகடையில்தான் இருக்கிறது. பாதி நேரம் முடிவு பேட்டர் கையில் இல்லை. சராசரி பிட்சர்களின் அட்டையிலிருந்து அவருக்குச் சராசரி முடிவுகளே வரும். ஆகவே ஷ்வார்பரின் அட்டையில் 6.5 சதவீதம் ஹோம் ரன் எழுதினால் சீசன் முடிவில் அவர் 6.5-ஐ எட்டமாட்டார். பிட்சர் பக்கத்துப் பாதி அவரைக் கீழே இழுக்கும். ஈடுகட்ட எளிய வழி:

அட்டை எண் = வீரரின் உண்மை எண் × 2 − லீக் சராசரி

ஷ்வார்பருக்கு 6.5 × 2 − 3.2 = 9.8. அட்டையில் 9.8, பிட்சர் பக்கம் 3.2, இரண்டின் நடுவே 6.5. கணக்கு நேர்.

இதே சூத்திரத்தை அராயஸின் ஸ்ட்ரைக் அவுட்டில் வைத்தால்? 5.5 × 2 − 22.7 = கழித்தல் 11.7. எந்த அட்டையிலும் கழித்தல் எண்ணை அச்சடிக்க முடியாது. அவருடைய அட்டையில் ஸ்ட்ரைக் அவுட்டே இல்லை என்று வைத்தால்கூட, பிட்சர் பக்கத்திலிருந்து மட்டும் 22.7-இல் பாதி, 11 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். நிஜ அராயஸைப்போல இருமடங்கு. பகடை முறையின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு விசித்திரமான ஆட்டக்காரர் அராயஸ்!

## விகிதங்களைப் பெருக்குவது

கணினிக்கு வந்ததும் கூட்டிப் பாதியாக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. இரண்டு அணிகள் மோதினால் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 1981-இல் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் ஒரு சூத்திரம் சொன்னார்; லாக்5 என்று பெயர். அதன் நீட்சியைத்தான் பேட்டர்–பிட்சர் மோதலுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

1. ஒரு சம்பவம் நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுக்கவும். அராயஸின் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 0.055 ÷ 0.945 = 0.058.
2. பிட்சருக்கும் அப்படியே. எதிராளிகளில் 35 சதவீதம் பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கும் பிட்சர் என்றால் 0.35 ÷ 0.65 = 0.538.
3. லீக்குக்கும் அதே கணக்கு: 0.227 ÷ 0.773 = 0.294.
4. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுக்கவும். 0.107 வரும். திரும்பச் சதவீதமாக்கினால் 9.6.

ஸ்ட்ரைக் அவுட் அரசனான ஒரு பிட்சரிடம்கூட அராயஸ் பத்தில் ஒரு முறைதான் விழுவார். அதே பிட்சரிடம் ஷ்வார்பருக்குக் கணக்கிட்டால் 44 சதவீதம். இரண்டுமே நம்பும்படியாக இருக்கின்றன. கழித்தல் எண்ணுக்கு இங்கே இடமில்லை. 100 சதவீதத்தைத் தாண்டவும் முடியாது.

ஜெர்மானியரான மார்குஸ் ஹைன்சோன் உருவாக்கிய அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் போன்ற மேலாண்மை கேம்களில் நிகழ்தகவே எல்லாம். அங்கே ஆடுகிறவர் அணியை நடத்துவாரே தவிர, மட்டையைத் தொடமாட்டார். த ஷோ போன்ற அதிரடி கேமில் ஆடுகிறவரின் கட்டைவிரல் நடுவே புகுந்துவிடுகிறது. அங்கே காண்டாக்ட் என்பது பந்தை அடிக்கக் குறிவைக்கும் வட்டத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண். கை தேர்ந்தவர் ஆடினால் 0.197 பேட்டர் 0.350 அடிப்பார். இந்த வகைக் கேமில் ரேட்டிங் நிஜ சீசனைத் திருப்பித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒருவருக்கொருவர் உள்ள இடைவெளி சரியாக இருந்தால் போதும்.

## சதவீதத்தை அளவுகோலில் ஏற்றுவது

6.5 சதவீதம் என்று திரையில் காட்டினால் யாருக்கும் ரசிக்காது. பேஸ்பாலில் திறமை தேடி ஊர் ஊராகச் சுற்றும் ஸ்கவுட்டுகளிடம் நெடுங்காலமாக 20 முதல் 80 வரை ஒரு அளவுகோல் உண்டு. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு 10 புள்ளியும் ஒரு திட்டவிலக்கம். வீரர்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதன் அளவே திட்டவிலக்கம்.

ஓட்ட வேகத்தில் பார்ப்போம். மேஜர் லீக் சராசரி நொடிக்கு 27 அடி. திட்டவிலக்கம் 1.4 அடி என்று வைத்துக்கொள்வோம். 29.8 அடி ஓடுகிறவர் சராசரியைவிட இரண்டு விலக்கம் மேலே, அவருக்கு 70. நொடிக்கு 30 அடி என்பதை அபூர்வ வேகம் என்பார்கள்.

வீடியோ கேம்கள் 99-ஐ உச்சமாக வைப்பதற்குக் காரணம் கணிதம் அல்ல, பள்ளிக்கூடம். 50 மதிப்பெண் என்றால் நமக்குத் தோல்வியின் வாடை அடிக்கிறது. மேஜர் லீக்கில் சராசரியாக ஆடுபவர் உலகின் சில நூறு பேரில் ஒருவர் என்பது மறந்துபோகும். அதனால் அளவுகோலையே மேலே தள்ளிவிடுகிறார்கள். த ஷோவில் 85-ம் அதற்கு மேலும் வைரம், 80 முதல் 84 வரை தங்கம், 65-க்குக் கீழே சாதாரணம். 70 வாங்கியவரை மோசமான ஆட்டக்காரர் என்று நினைப்பது இங்கிருந்துதான் வருகிறது.

## உள்ளே போடுமுன் செய்யும் மூன்று சலித்தெடுப்பு

1. போதாத ஆட்டங்கள். சீசன் தொடங்கி 50 முறையில் 20 ஹிட் அடித்தவரின் சராசரி 0.400. அவரை 0.400 பேட்டர் என்று எந்தக் கேமும் நம்பக் கூடாது. வழக்கமான மருந்து, அவர் கணக்கில் லீக் சராசரி ஆட்டத்தைக் கலப்பது. 300 கற்பனை முறைகளை 0.248 என்ற 2023 சராசரியில் சேர்த்தால் 94 ஹிட், 350 முறை, 0.270. கலக்கும் அளவு திறமைக்குத் திறமை மாறும். ரஸல் கார்ல்டன் செய்த ஆய்வுகளின்படி ஒரு பேட்டரின் ஸ்ட்ரைக் அவுட் விகிதம் சுமார் 60 முறையிலேயே நம்பகமாகிவிடும். ஹோம் ரன் விகிதத்துக்கு 170 வேண்டும். பேட்டிங் சராசரிக்கோ 900-க்கு மேல். ஒரு முழு சீசனே போதாது! சீசன் நடுவில் சராசரி எகிறியதும் ரேட்டிங் எகிறவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த 900-ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இடக்கை பிட்சருக்கு எதிரான எண்ணுக்கு நிலைமை இன்னும் மோசம். மேஜர் லீக்கில் இடக்கையர் சிறுபான்மை என்பதால் ஒரு பேட்டர் அவர்களைச் சந்திப்பதே குறைவு. அந்த எண்ணில் பெரும்பகுதி கலப்படம்தான், அது நல்ல கலப்படம்.

2. மைதானம். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் கூர்ஸ் ஃபீல்டில் பந்து தூரம் பறக்கும். 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்தெடுத்தும் அது பேட்டர்களின் சொர்க்கமாகவே நீடிக்கிறது. கொலராடோ ராக்கீஸ் வீரரின் எண்களிலிருந்து இந்தச் சலுகையைக் கழிக்க வேண்டும், அதுவும் பாதியை மட்டும், ஏனென்றால் மீதிப் பாதி ஆட்டங்கள் வெளியூரில். கழிக்காமல் விட்டால் தவறு இரட்டிக்கும். கேமுக்குள்ளும் டென்வரின் காற்று மெல்லியதாகவே இருக்கும். ஏற்கெனவே ஊதிய ரேட்டிங்கோடு அவர் அங்கே ஆடினால் ஒரே உயரத்துக்கு இரண்டு முறை கூலி வாங்குவார்.

3. காலம். பில் டெர்ரி 1930-இல் 0.401 அடித்தார். கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 1968-இல் அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்றது வெறும் 0.301-இல். நூறு புள்ளி வித்தியாசம். ஆனால் 1930-இல் நேஷனல் லீக் முழுவதுமே 0.303 அடித்தது, 1968-இல் அமெரிக்கன் லீக் அடித்தது 0.230. அவரவர் லீக்கால் வகுத்தால் டெர்ரி 1.32, யஸ்ட்ரெம்ஸ்கி 1.31. இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். 1968-இல் பிட்சர்கள் அப்படி ஆட்டிவைத்ததால்தான் அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

மூன்று சலித்தெடுப்பும் ஒரே ஆளிடம் கூடி வருவது ஜாஷ் கிப்சன் விஷயத்தில். கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளின் பதிவுகளை மேஜர் லீக் 2024-இல் தன் ஏட்டில் சேர்த்ததும், 0.372 என்ற வாழ்நாள் சராசரியோடு டை காப்பை முந்தி அவர் முதலிடத்துக்கு வந்தார். 1943-இல் மட்டும் 0.466. ஆனால் அந்த லீக்குகளின் சீசன்கள் குறுகியவை. நிறவெறி கதவைச் சாத்தியிருந்ததால் இரண்டு பக்க வீரர்களும் ஒரே லீக்கில் ஆடவில்லை. பல ஆட்டங்களுக்கு ஸ்கோர் விவரமே எஞ்சவில்லை. சூத்திரம் இங்கே ஓரளவுக்குமேல் உதவாது. அவருக்கு உச்ச எண் கொடுப்பவர் தன் தீர்ப்பைக் கொடுக்கிறார். கொடுப்பது சரி என்பதே என் கட்சி.

## பிட்சர்களிடம் இன்னும் கவனம்

ஃபீல்டிங் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பது ஈஆர்ஏ. இதில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் உழைப்பும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கின்றன. மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆவதில் பிட்சர்களுக்கு இடையே வேறுபாடு மிகக் குறைவு என்று 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் எழுதியபோது பலர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் மூன்றையும் முக்கியமாக வைத்து பிட்சரை அளக்கும் எஃப்ஐபி போன்ற அளவுகள் வழக்கத்துக்கு வந்தன.

2023-இல் சான் டியேகோவின் பிளேக் ஸ்னெல் 2.25 ஈஆர்ஏவோடு நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார். அதே சீசனில் மேஜர் லீக்கிலேயே அதிக வாக் கொடுத்தவரும் அவர்தான், 99. எஃப்ஐபி கணக்கில் அவர் 3.4-ஐத் தாண்டுகிறார். ஈஆர்ஏவைப் பார்த்து எண் கொடுத்தால் கேமில் அவர் யாராலும் தொட முடியாதவர். அடியில் உள்ளதைப் பார்த்துக் கொடுத்தால் தடுமாறித் தடுமாறித் தப்பிக்கிற அபாரமான பிட்சர். பார்த்தவர்களுக்கு இரண்டாவதுதான் ஸ்னெல்.

## வேகம், ஃபீல்டிங்

இரண்டும் 2015-இல் தலைகீழாக மாறின. ஸ்டாட்காஸ்ட் என்ற ரேடார்–கேமரா அமைப்பு அந்த ஆண்டு எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் வந்தது. அதற்கு முன் ஒருவரின் வேகத்தை பேஸ் திருட்டு (பிட்சர் பந்து வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), மூன்று பேஸ் ஹிட் ஆகியவற்றிலிருந்து ஊகிக்க வேண்டும். ஊகம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2025-இல் ஜாஷ் நெய்லர் சாட்சி: ஓட்ட வேகத்தில் லீக்கின் கடைசி வரிசையில் இருந்துகொண்டே 30 பேஸ் திருடினார். பிட்சரின் அசைவைப் படிப்பது அவர் வித்தை. வேகத்துக்கு ஒரு எண், திருட்டுக்கு வேறு எண் என்று கேம்கள் பிரித்துவைப்பது இதற்காகத்தான்.

ஃபீல்டிங்கில் பிழை எண்ணிக்கையை மட்டும் நம்பினால், எட்டாத பந்துக்கு ஓடாதவரே சிறந்தவர். டெரெக் ஜீட்டர் ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதை ஐந்து முறை வாங்கினார். எத்தனை பந்தை எட்டினார் என்று எண்ணும் நவீன அளவுகள் அவரை அவர் ஃபீல்டிங்கில் நின்ற இடத்தில் மிகப் பின்தங்கியவராகக் காட்டுகின்றன. அவருக்கு எந்த எண் கொடுத்தாலும் பாதிப் பேர் கோபப்படுவார்கள்.

## விதி மாறினால்

2023-இல் பேஸ்களை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள், பிட்சர் ரன்னரைத் தடுக்கும் முயற்சிகளுக்கும் வரம்பு வைத்தார்கள். 2022-இல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டு 3,503 ஆனது. எல்லா வீரர்களும் ஓர் இரவில் வேகமாகிவிடவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் தொட வேண்டியது ரேட்டிங்கை அல்ல, இயந்திரத்தின் அடிநிலையை. 50 எப்போதும்போல 50. அந்த 50-க்கு எத்தனை திருட்டு என்பது மட்டும் மாறும்.

## எண் சரிதானா என்று பார்ப்பது

எண்களைப் போட்டபின் மேலாண்மை கேம் செய்பவர்கள் ஒரே சீசனைத் திரும்பத் திரும்ப ஓட்டி, லீக்கின் மொத்த ஹோம் ரன், ஸ்ட்ரைக் அவுட், சராசரி எல்லாம் நிஜத்தோடு ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு ஆளும் அதேபோல அச்சாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை.

ஷ்வார்பரின் 0.197-இல் கொஞ்சம் துரதிர்ஷ்டமும் உண்டு. ஹோம் ரன்னைத் தவிர்த்து மைதானத்துக்குள் அவர் அடித்த பந்துகளில் 0.209 மட்டுமே ஹிட் ஆனது. லீக்கில் அது 0.297. சலித்தெடுத்த பிறகு இயந்திரம் அவருக்கு 0.215 வாய்ப்பு வைத்திருக்கிறது என்று கொள்வோம். வாக் போன்றவற்றைக் கழித்தால் சராசரிக் கணக்கில் வரும் அவருடைய 585 முறைகளுக்கு, வெறும் பகடை அதிர்ஷ்டத்தாலேயே திட்டவிலக்கம் 0.017. ரேட்டிங்கைத் தொடாமல் ஓட்டினாலே மூன்றில் இரண்டு சீசன்களில் 0.198 முதல் 0.232 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்பார். இருபதில் ஒரு சீசன் 0.181-க்குக் கீழேயோ 0.249-க்கு மேலேயோ போகும்.

நிஜத்தில் அடுத்த சீசனான 2024-இல் அவர் அடித்தது 0.248.